முட்டையிடம் கேட்டாயா, அம்மிணி?

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய ஆய்வேட்டு வரைவைப் படித்து முடித்தேன். சமையலறையில் புழங்கும் பொருள்களிலிருந்து நூற்றுச் சொச்சம் சேர்மங்களை எடுத்து, கொரோனா வைரஸின் ஒரு புரதத்தோடு கணினியில் பொருத்திப் பார்த்து (டாக்கிங்), ஸ்கோர் வாரியாக அடுக்கியிருக்கிறாய். நாமகிரிப்பேட்டை மஞ்சள், கொல்லிமலை மிளகு, சேலத்து மாம்பழம், சின்ன வெங்காயம், வயல் வரப்புக் கீழாநெல்லி என்று நம்மூர் மண்ணிலிருந்தே பட்டியலைத் தொடங்கியது எனக்குப் பிடித்தது. முடிவுரையில் ‘இவை வலுவான வைரஸ் எதிர்ப்பு மருந்துகளாக அமையும்’ என்று எழுதியது பிடிக்கவில்லை. அந்தப் பட்டியலுக்கும் இந்த வாக்கியத்துக்கும் நடுவே கிடக்கும் தூரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். லேப்டாப்பும் இலவச மென்பொருளும் வைத்துக்கொண்டு இதே வேலையில் இறங்கியிருக்கும் பிள்ளைகள் சேலத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் இருப்பதால், இதை அவர்களுக்கும் சேர்த்தே எழுதியதாக வைத்துக்கொள்.

கணினி வேலையை இளக்காரம் பேச வரவில்லை. ‘பிப்பெட் பிடிக்காத கைக்கு ஆராய்ச்சி ஏது’ என்று பேசும் பழைய ஆட்கள் சிலர் உண்டு. அவர்களுக்குச் சொல்ல நல்ல பதில் இருக்கிறது. நீ புரத அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் திறக்கிறாயே, அந்தப் புள்ளி வரைபடம், அது 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் உலகத்துக்குக் கொடுத்தது. இன்றைக்கும் எந்த நாட்டில் எவர் புரத அமைப்பை வெளியிட்டாலும் அந்த வரைபடத்தில் நிறுத்தித்தான் பார்க்கிறார்கள். ஃப்ளூவுக்கான சனாமிவிர் மருந்தின் கதையும் அப்படித்தான். 1983இல் ஆஸ்திரேலியாவில் கோல்மன், வர்கீஸ் குழுவினர் ஃப்ளூ வைரஸின் நியூராமினிடேஸ் புரதத்தின் படிக அமைப்பை வெளியிட்டார்கள். டானா என்ற சேர்மம் அந்தப் புரதத்தைச் சுமாராகத் தடுக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அதன் நான்காம் இடத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் பிடிப்பு இறுகும் என்று கணினி காட்டியது. மார்க் வான் இட்ஸ்டைனின் குழு அந்தச் சேர்மத்தைச் செய்து, நொதியில், செல்லில், பிராணிகளில் சோதித்து 1993இல் எழுதியது. 1999இல் மருந்து கடைக்கு வந்தது.

அந்த வரிசையைக் கவனி. கணினி ஒரு ஊகம் சொன்னது. மற்றதையெல்லாம் கைகள் செய்தன. உன் வரைவில் முதல் படி மட்டும் இருக்கிறது. ஆனால் கடைசிப் படிக்குரிய வாக்கியத்தை எழுதிவிட்டாய். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று ஜோசியர் சொன்னதும், பெண்ணும் பையனும் முகம் பார்க்கும் முன்பே பத்திரிகை அடித்த மாதிரி இருக்கிறது.

இனி உன் ஸ்கோருக்கு வருகிறேன். நீ பயன்படுத்திய ஆட்டோடாக் வினா மென்பொருள் 2010இல் வெளியானது. அதைப் பற்றி ட்ராட்டும் ஓல்சனும் எழுதிய கட்டுரையையே எடுத்துப் படி. தங்கள் கணிப்பின் பிழை ஏறத்தாழ 2.85 கிலோகலோரி என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நம் உடம்புச் சூட்டில் சுமார் 1.4 கிலோகலோரி மாறினாலே ஒட்டும் வலிமை பத்து மடங்கு மாறிவிடும். அப்படியானால் அந்தப் பிழை நூறு மடங்கு வரை இப்படியும் அப்படியும் போகக்கூடிய பிழை. நீயோ மைனஸ் 8.4க்கும் மைனஸ் 8.1க்கும் இடையில் ஒரு கோடு போட்டு, மேலே நிற்பது வெற்றி, கீழே நிற்பது தோல்வி என்று பிரித்திருக்கிறாய். அந்தக் கோட்டுக்குப் பொருள் கிடையாது.

இன்னொன்றும் பார். உன் முதல் ஐந்து இடங்களில் ரூட்டின், ஜெரானின், கோரிலாஜின் என்று பருத்த மூலக்கூறுகளாகவே உட்கார்ந்திருக்கின்றன. அது தற்செயல் இல்லை. அணுக்கள் கூடக் கூடத் தொடும் இடங்களும் கூடும். ஸ்கோரும் தானாக ஏறும். எடையைக் கழித்துவிட்டு மறுபடி அடுக்கிப் பார். பாதிப் பேர் கீழே இறங்கிவிடுவார்கள். அதற்கு மேல், எடையிலும் வடிவத்திலும் அதே மாதிரி இருந்து வைரஸோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஐம்பது மூலக்கூறுகளை உன் பட்டியலோடு கலந்து ஓட்டு. உன் மஞ்சளும் மிளகும் அந்த ஐம்பதிலிருந்து தனித்துத் தெரியவில்லை என்றால், நீ அளந்தது வைரஸ் எதிர்ப்பை அல்ல, மூலக்கூறின் பருமனை.

நீ எடுத்த புரதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 6எல்யூ7 என்ற எண்ணில் புரதத் தரவு வங்கியில் இருக்கும் அந்த அமைப்பு 2020 பிப்ரவரி தொடக்கத்தில் ஷாங்காய் குழுவால் வெளியிடப்பட்டது. ஊரடங்கில் லேப்கள் பூட்டிக் கிடக்க, கையில் கணினி மட்டும் இருந்த உலகம் முழுதும் அதன் மேல் விழுந்தது. கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளையும் அதில் பொருத்திப் பார்த்துப் பேப்பர்கள் வந்தன. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடைப் பொருத்தியும் வந்தன. அவற்றில் பலவற்றைப் போலவே நீயும் அந்தப் படிகத்தில் இருக்கும் என்3 என்ற தடுப்பானை ஒப்பீட்டுக்கு வைத்து, ‘என்3ஐ விடக் குர்குமின் நன்றாக ஒட்டுகிறது’ என்கிறாய். என்3 வெறுமனே ஒட்டுவதில்லை அம்மிணி. புரதத்தின் 145ஆம் சிஸ்டீனோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்கிறது. வினா அந்தப் பிணைப்பைக் கணக்கில் எடுக்காது. ஆகவே என்3க்கு வந்த ஸ்கோர் என்3இன் உண்மையான பலம் அல்ல. போதாததற்கு அந்தப் புரதம் இரண்டு பிரதிகள் ஜோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஒன்றின் முனை மற்றதன் பள்ளத்தைச் செப்பனிடுகிறது. நீ ஒற்றைப் பிரதியில் பொருத்தியிருக்கிறாய்.

அதே புரதத்தில் கணினிச் சல்லடை வென்ற கதையும் உண்டு. ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் தன்னிடமிருந்த சேர்மங்களைக் கணினியில் சலித்து, தேறியவற்றை நொதியில் சோதித்து, அதில் தேறியதை வேதியியலாளர்கள் கையில் கொடுத்துச் செதுக்கி, என்சிட்ரெல்விர் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. 2022 நவம்பரில் ஜப்பான் அதற்கு அவசர அனுமதி கொடுத்தது. எல்லாரும் பயன்படுத்திய சல்லடைக்கும் அவர்களுடையதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சலித்த பின் என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

குர்குமினைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து மஞ்சளைத் தொட்டு ஏதாவது குறையாகச் சொன்னால் வீட்டிலேயே சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். இருந்தாலும் கேள். 2010இல் பேலும் ஹாலோவேயும், எந்தச் சோதனையில் போட்டாலும் ‘வேலை செய்கிறது’ என்று பொய்யாகக் காட்டும் மூலக்கூறு வகைகளைத் தொகுத்து எச்சரித்தார்கள். குர்குமின் அந்தக் குணத்துக்குப் பேர்போனது. புரதத்தோடு வினைபுரியும், உலோக அயனியைப் பிடிக்கும், தானே ஒளிர்ந்து அளவீட்டைக் குழப்பும், ஒன்றுசேர்ந்து திரளும். 2017இல் கேத்ரின் நெல்சனும் கூட்டாளிகளும் எழுதிய விரிவான மதிப்பாய்வு, 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், முறையாக இருமறைப்பு வைத்துச் செய்த எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று முடித்தது. உடம்பின் காரநிலைக்கு நெருக்கமான வெறும் கரைசலில், 37 டிகிரியில், அரைமணி நேரத்தில் குர்குமினில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துபோகிறது. சீரம் கலந்தால் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறுவதோ மிகமிகக் கொஞ்சம். பெங்களூரில் 1998இல் செய்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுக் காரமான பைப்பரினைக் கொடுத்ததும் ரத்தத்தில் சேர்வது இருபது மடங்கு கூடியது. அதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் சராசரியாக நூற்றுக்கு மூன்று பங்கு. அந்த 2 கிராமை ரசத்தில் எடுக்க வேண்டுமானால் எவ்வளவு தூள் போட வேண்டும் என்று நீயே கணக்குப் போடு. அதற்குப் பிறகு அது ரசமாக இருக்குமா என்றும் யோசி.

உணவுச் சேர்மம் என்று தலைப்பில் போட்டால், தட்டில் எவ்வளவு இருக்கிறது, குடல் எவ்வளவு விடுகிறது, ஈரல் எவ்வளவு மாற்றுகிறது, வைரஸ் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்ற நான்கு கேள்விகளும் கூடவே வந்துவிடும். நீ அவற்றைத் தொடவே இல்லை. இணையத்தில் ஒரு பெட்டியில் சேர்மத்தைப் போட்டு வாய்வழி மருந்தாகத் தகுமா என்று சொல்லும் லிபின்ஸ்கியின் ‘ஐந்தின் விதி’யில் தேறுகிறதா என்று பார்த்ததோடு சரி.

கீழாநெல்லிக்கு வருவோம். உன் வயதில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் ஊர்களில் பாட்டிமார் கைவசம் இருந்த அறிவு. அதை எடுத்துக்கொண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் எஸ்.பி. தியாகராஜன் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேல் சோதித்தார். 1982இல் சோதனைக்குழாய் முடிவுகள் வந்தன. ஹெபடைடிஸ் பியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பெற்ற பாரூக் பிளம்பர்க் கூட்டுச் சேர்ந்தார். 1988இல் ‘லான்செட்’ இதழில் அவர்கள் வெளியிட்ட மனிதச் சோதனை உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. காய்ந்த கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, முப்பது நாள். பொடி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்த வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது.

வயல் வரப்பில் மண்டிக் கிடக்கிற செடிக்கு இப்படி ஒரு முடிவு! எனக்கு அந்த எண்கள் இன்றைக்கும் மனப்பாடம். ஆனால் பின்னால் வந்ததையும் சொல்லியாக வேண்டும். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், வரவில்லை. நியூசிலாந்தில் செய்தார்கள், வரவில்லை. செடி வளர்ந்த மண்ணா, பறித்த பருவமா, இனமா, காய வைத்த விதமா, சோதனைக்கு உட்பட்டவர்களின் தன்மையா என்று காரணம் தேடும் வாதம் ஓயவில்லை. 2011இல் காக்ரேன் அமைப்பு எல்லாச் சோதனைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, ஹெபடைடிஸ் பிக்குக் கீழாநெல்லியை நம்பிப் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்றது.

அந்த ஆய்வைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. அவர்கள் வெற்று மருந்து வைத்து, மனிதர்களிடம் சோதித்து, எண்களை மேசை மேல் வைத்தார்கள். அதனால்தான் மற்றவர்கள் செய்து பார்த்து ‘வரவில்லை’ என்று சொல்ல முடிந்தது. உன் வரைவைப் படித்துவிட்டு ‘வரவில்லை’ என்று எவராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் வருவதற்கோ வராமல் போவதற்கோ அதில் எதுவும் நடக்கவில்லை. நாற்பது ஆண்டுக்கு முன் கணினித் துணை இல்லாமல் தரமணியில் நடந்தது, இன்றைக்கு உன் மேசையில் நடப்பதை விடப் பல படி முன்னால் நிற்கிறது. இந்த ஒப்பீடு உனக்கு உறைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அன்னாசிப்பூ விஷயமும் இருக்கிறது. உன் பட்டியலில் பிரியாணிச் சரக்குகளில் அதுவும் இருக்கிறது. அதன் ஷிகிமிக் அமிலத்துக்கு ஸ்கோர் குறைவாக வந்ததால் கழித்துவிட்டாய். அந்த அமிலம் வைரஸை ஒன்றும் செய்யாதுதான். ஆனால் பறவைக் காய்ச்சல் பீதியின்போது உலகமே தேடிய ஒசெல்டாமிவிர் மாத்திரைக்கு அதுதான் மூலப்பொருள். உணவுப் பொருள் மருந்துக்கு உதவுவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. டாக்கிங் பட்டியல் அதைக் காட்டாது.

சரி, குறை சொன்னது போதும். என்ன செய்யச் சொல்கிறேன் என்றால், வைரஸை மாற்று.

கொரோனாவைச் சோதிக்க உயர் பாதுகாப்பு லேப் வேண்டும். நம் பக்கத்தில் உனக்கு அது கிடைக்காது. பறவைக் காய்ச்சல் வேண்டவே வேண்டாம், அது போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு ஆய்வகத்தின் வேலை. ஆனால் சேலத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் உலகின் பழைய, மலிவான வைரஸ் ஆய்வுக் கருவி நாள்தோறும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகிறது. முட்டையைச் சொல்கிறேன். 1931இல் அமெரிக்காவில் குட்பாஸ்ச்சரும் வுட்ரஃப் தம்பதியும் கருவுற்ற கோழிமுட்டையில் வைரஸை வளர்க்கலாம் என்று காட்டியதிலிருந்து இன்றைய ஃப்ளூ தடுப்பூசி வரை அது ஓய்வெடுக்கவில்லை. நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

வைரஸும் நம்மூர் வைரஸ்தான். கோழி வைத்திருக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் வெள்ளைக்கழிச்சல் என்றால் தெரியும். 1920களின் கடைசியில் இமயமலைப் பகுதி ராணிக்கேத்தில் கண்டதால் நம் நாட்டில் ராணிக்கேத் நோய், உலகத்தில் நியூகாசில் நோய். தடுப்பூசிக்குப் பயன்படும் லசோட்டா என்ற சாதுவான வகை பண்ணைக்காரர்கள் எல்லாரும் அறிந்தது. நீ அதைத்தான் கையாள வேண்டும், வீரியமான வகையைத் தொடாதே. உன் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவில் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்.

டாக்கிங்குக்கும் இது வசதியான வைரஸ். அதன் மேற்பரப்பில் இருக்கும் எச்.என். புரதத்தின் படிக அமைப்பை கிரெனெல் குழு 2000இல் வெளியிட்டது. டானா பொருந்திய நிலையிலேயே ஒன்று இருக்கிறது. மேலே சனாமிவிர் கதையில் சொன்ன அதே டானா. அதை எடுத்துவிட்டு மறுபடி பொருத்தினால், படிகத்தில் இருந்த இடத்துக்கே 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் திரும்பி வருகிறதா என்று முதலில் பார். வரவில்லை என்றால் வேறெதையும் பொருத்தாதே.

சேர்மப் பட்டியலுக்குத் தரமணி கணித அறிவியல் கழகத்தார் 2018இல் வெளியிட்ட இம்பாட் தரவுத்தளம் இருக்கிறது. முதலில் வெளியானபோது அதில் 1742 மூலிகைகள், 9596 சேர்மங்கள் இருந்தன. அதிலிருந்து நம் பக்கத்துச் சாப்பாட்டில் இருப்பவற்றை எடு. பொருத்தி முடித்ததும் முதல் பத்தை மட்டும் சோதனைக்கு எடுக்காதே. மேலே பத்து, கடைசியில் பத்து, நடுவில் கண்ணை மூடிக்கொண்டு பத்து. முப்பதையும் வேறொருவரிடம் கொடுத்துக் குறியீட்டு எண் போடச் சொல். எது எது என்று சோதனை முடியும் வரை உனக்குத் தெரியக்கூடாது. கோழிக்கு மருந்து கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. உன் சல்லடை மெய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். மேல் பத்தும் கீழ் பத்தும் முட்டைக்குள் ஒரே மாதிரி நடந்துகொண்டால், அதுவே எழுதத் தகுந்த முடிவு.

இனி முட்டை வேலை. கடையில் வாங்கும் முட்டை ஆகாது. கூண்டுப் பண்ணையில் சேவலே கிடையாது, அதனால் கரு இருக்காது. பொரிப்பகத்து முட்டை வேண்டும். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் தாய்க்கோழிகளுக்கெல்லாம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருப்பார்கள். அதன் எதிர்ப்புப் புரதம் மஞ்சள் கருவில் இறங்கியிருக்கும். அந்த முட்டையில் வைரஸ் மட்டுப்பட்டால் உன் மிளகா, தாய்க்கோழியின் தடுப்பூசியா என்று சொல்ல முடியாது. நோய்க்கிருமியற்ற மந்தையின் முட்டைக்கு, இல்லாவிட்டால் இந்த நோய்க்கு எதிர்ப்புப் புரதம் இல்லாத மந்தையின் முட்டைக்கு, முன்கூட்டியே சொல்லி வை. விலை கூடத்தான். உன் கைடிடம் கேட்க வேண்டிய காசு அதற்குத்தான், பேப்பர் வெளியிடும் கட்டணத்துக்கு அல்ல.

ஒன்பது முதல் பதினொரு நாள் கரு. இருட்டறையில் கேண்டிலிங் விளக்கில் வைத்துப் பார்த்து, காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் குறித்து, ரத்தக்குழாய் இல்லாத இடத்தில் சின்னத் துளை போட்டு, வைரஸ் கரைசலை 0.1 மில்லி செலுத்தி, மெழுகால் அடைத்து, 37 டிகிரியில் வை. தினமும் விளக்கில் பார். முதல் 24 மணி நேரத்துக்குள் செத்தால் அது ஊசி குத்திய கோளாறு, கணக்கில் சேர்க்காதே. இன்னொன்றைக் கவனமாகக் கேள்: லசோட்டா கருவை அவசரமாகக் கொல்லாது. கரு உயிரோடு துடிக்கிறதே, மருந்து வேலை செய்துவிட்டது என்று துள்ளாதே. சில நாளில் முட்டையைக் குளிரவைத்து, திரவத்தை உறிஞ்சி, கோழியின் ரத்தச் சிவப்பணுக்களோடு சேர்த்துக் குழித்தட்டில் விட வேண்டும். வைரஸ் இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாய் விரித்த மாதிரி படரும். இல்லாவிட்டால் அடியில் பொத்தானாக உட்காரும்.

இங்கேதான் மூலிகைக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். கீழாநெல்லி, கடுக்காய் போன்றவற்றில் இருக்கும் டானின்கள் வைரஸே இல்லாமல் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும். பல பயறுகளின் லெக்டின்களும் அப்படித்தான். ஆகவே சாறு மட்டும் விட்ட முட்டை, சாறு மட்டும் விட்ட குழி, கரைப்பான் மட்டும் விட்டது, வைரஸ் மட்டும் விட்டது, ரிபாவிரின் போன்ற, வேலை செய்யும் என்று முன்பே தெரிந்த மருந்து விட்டது, எதுவுமே விடாதது என அத்தனையும் பக்கத்திலேயே ஓட வேண்டும். வைரஸையும் சாற்றையும் முன்கூட்டியே குழாயில் கலந்து ஊற வைத்துவிட்டு முட்டைக்குள் விட்டால், சாறு வைரஸை வெளியிலேயே கொன்றதா, உள்ளே பெருகவிடாமல் தடுத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீரும் வெளியில் கொல்லும். இரண்டையும் தனித்தனியாகச் செய். கருவுக்கு நஞ்சாகும் அளவு எது என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் கண்டுபிடி.

உன் பட்டியலில் இல்லாத ஒரு உணவுச் சேர்மத்தையும் சொல்லிவிடுகிறேன். முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் ஓவோமியூசின் என்ற பெரும் புரதம், இதே வெள்ளைக்கழிச்சல் வைரஸ் சிவப்பணுக்களைப் பிடிப்பதைச் சோதனைக்குழாயில் தடுக்கிறது என்று ஜப்பானியர் 1990களில் காட்டியிருக்கிறார்கள். சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும் அந்தப் பிரம்மாண்டமான புரதத்தை எந்த டாக்கிங் பட்டியலும் எடுப்பதில்லை, மென்பொருளுக்குள் அது அடங்காது என்பதால். சிறிய மூலக்கூறு மட்டும்தான் உணவு என்று மென்பொருள் நினைக்கலாம், நாமக்கல்காரி நீ நினைக்கக்கூடாது.

பட்டம் வாங்கப் பேப்பர் எண்ணிக்கை வேண்டும், டாக்கிங் என்றால் மாதம் ஒன்று போடலாம், முட்டை வேலை என்றால் ஒரு வருடம் போய்விடும் என்று உன் சீனியர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எண்ணிக்கை கேட்கும் முறையை உன்னால் மாற்ற முடியாது. ஆனால் ஒரே மென்பொருளில் வேறு வேறு செடியைப் போட்டு எடுத்த ஐந்து பேப்பரை வேலைக்கு எடுப்பவர் எப்படிப் பார்க்கிறார் என்று, தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்த அனுபவத்தில் எனக்குத் தெரியும். புரட்டுவதில்லை. கரு செத்த கணக்கும் தோற்ற சேர்மங்களின் பெயரும் பின்னிணைப்பில் இருக்கும் ஆய்வேட்டைத்தான் புரட்டுவார்.

வழிகாட்டிப் பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் டாக்கிங் பேப்பர் கேட்கும்போது, அதோடு ஒரு தட்டு முட்டைக்கும் கையெழுத்துப் போடுங்கள்.

உனக்கு அம்மிணி, இப்போதைக்கு இரண்டு வேலை. வரைவின் முடிவுரையை அடித்துவிடு. தலைப்பிலிருந்து ‘வைரஸ் எதிர்ப்பு’ என்ற சொல்லையும் எடுத்துவிடு. முப்பது சேர்மங்களும் முட்டைக்குள் போய்வந்த பிறகு, ஏதாவது ஒன்றுக்கு அந்தச் சொல் தகுமென்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
நாமக்கல்லிலிருந்து ஒரு பழைய லேப்காரன்